மேக்ரோவின் பெயர் எங்கே தொலைகிறது? அச்சுக்கு எழுதிய ஆவணம் இணையப் பக்கமாகும் கதை

லினக்ஸில் ஏதாவது ஒரு கட்டளையின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து கடைசிவரை போனால், "இவற்றையும் பார்க்க" என்கிற பகுதியில் வேறு சில கட்டளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பெயர் தடித்த எழுத்தில், அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் சாதாரண எழுத்தில் ஓர் எண், கையேட்டின் எந்தப் பிரிவு என்று சொல்வது. அதே பக்கத்தை இணையத்தில் பார்த்தால் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் இணைப்புகளாகவே இருக்கும், சொடுக்கினால் அந்தந்தக் கையேடு திறக்கும். ஆனால் மூலக் கோப்பில் "இது இன்னொரு கையேட்டுக்கான இணைப்பு" என்று பல காலம் யாரும் எழுதியதில்லை. அங்கே இருப்பது பிஆர் என்ற ஒரு மேக்ரோ, அதாவது சில அச்சுக் கட்டளைகளைச் சேர்த்துக் கட்டி வைத்த ஒரு பெயர். அதற்கு அர்த்தம், முதல் சொல்லைத் தடித்த எழுத்தில் போடு, அடுத்ததைச் சாதாரணமாகப் போடு, அவ்வளவுதான். இணையப் பக்கமாக மாற்றுகிற நிரல்தான், "தடித்த சொல், பிறகு அடைப்புக்குறி, உள்ளே ஓர் எண், அப்படியானால் இது கையேட்டின் பெயராக இருக்க வேண்டும்" என்று ஊகிக்கிறது. இந்த ஊகம் சறுக்கும் இடம் எளிதில் வரும். நிரல் பிழையோடு முடிய வேண்டிய இடத்தில் எக்ஸிட்(1) என்று எழுதுவார்கள் அல்லவா, அது ஒரு செயல்கூற்றின் அழைப்பு. ஊகிக்கிற நிரலுக்கு அதுவும் முதல் பிரிவில் உள்ள ஒரு கையேடு மாதிரித்தான் தெரியும்.

கையேடுகளுக்கான இந்த மேக்ரோத் தொகுப்பு, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு 1979-இல் வந்தது. "இது இன்னொரு கையேட்டின் பெயர்" என்று நேரடியாகச் சொல்ல எம்ஆர் என்ற மேக்ரோ, லினக்ஸில் கையேடுகளை அடுக்குகிற குரோஃப் என்ற அச்சுக்கோர்ப்பு நிரலில் சேர்ந்தது 2023-இல் வெளியான 1.23 பதிப்பில். நடுவில் 44 ஆண்டுகள். சோம்பலால் அப்படி ஆகிவிடவில்லை. தாளில் அச்சடிக்கிறவனுக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை. தடித்த எழுத்து போதும், மீதியை வாசிக்கிறவர் புரிந்துகொள்வார். இணையப் பக்கத்துக்கு அது போதாது. அச்சுக்கோர்ப்பு மேக்ரோக்களால் எழுதிய ஆவணத்தை இணையத்துக்குக் கொண்டுவருகிற எல்லா முயற்சிகளிலும், குரோஃபின் மூதாதையான டிராஃப் ஆகட்டும், கணித நூல்களுக்குப் பெயர்பெற்ற டெக் ஆகட்டும், திரும்பத் திரும்ப இந்த இடத்தில்தான் முட்டுகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். 1964-இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்ஸர் ரன்ஆஃப் என்ற நிரலை எழுதினார். வரியின் முதலில் புள்ளி வைத்தால் அந்த வரி கட்டளை, மற்றதெல்லாம் அச்சாக வேண்டிய உரை. அந்த வழியில் வந்ததுதான் ரோஃப். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்களுக்கு பிடிபி-11 கணினி கிடைத்ததே ஆவணம் தயாரிக்கும் அமைப்பு ஒன்றைச் செய்து தருகிறோம் என்று சொல்லித்தான். அந்த ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவுதான் யூனிக்ஸின் முதல் உண்மையான வாடிக்கையாளர். பிறகு 1973 வாக்கில் ஜோ ஒசானா, சி/ஏ/டி என்ற ஒளி அச்சுக்கோர்ப்பு இயந்திரத்துக்காக டிராஃபை எழுதினார். டிராஃபின் அடிப்படைக் கட்டளைகள் எல்லாமே கையசைவுகள்: இத்தனை இடம் விடு, இத்தனை உள்ளே தள்ளு, எழுத்துருவை மாற்று. ஆவணம் எழுதுகிறவர் ஒவ்வொரு தலைப்புக்கும் இதையெல்லாம் திரும்ப எழுத முடியாது. அதனால் ஐந்தாறு கையசைவுகளைக் கட்டி ஒரு பெயர் வைத்தார்கள். அதுதான் மேக்ரோ.

எஸ்எச் என்ற மேக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள், துணைத்தலைப்பு போட உதவுவது. புள்ளி வைத்து எஸ்எச் என்று எழுதி, பக்கத்தில் தலைப்பைக் கொடுத்தால், உள்ளே என்ன நடக்கும்? அதுவரை நிரப்பிக்கொண்டிருந்த வரியை முடிக்கும். மேலே கொஞ்சம் இடம் விடும். பக்கத்தின் அடியில் இரண்டு மூன்று வரிக்காவது இடம் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்குத் தள்ளும், தலைப்பு மட்டும் தனியாகத் தொங்கக் கூடாது இல்லையா. உள்தள்ளலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். தடித்த எழுத்துக்கு மாறி, தலைப்பை எழுதி, திரும்பச் சாதாரண எழுத்துக்கு வரும். இதெல்லாம் முடிந்து அச்சு இயந்திரத்துக்குப் போகிற வெளியீட்டில் எஸ்எச் என்ற பெயர் கிடையாது. இந்த இடத்தில் இந்த எழுத்து, அந்த இடத்தில் அந்த எழுத்து என்ற ஆயங்கள் மட்டும்தான். தாளுக்கு அது போதும். இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல் கேட்பதோ அந்தப் பெயரைத்தான், அதாவது இது தலைப்பு, இரண்டாம் நிலைத் தலைப்பு என்ற செய்தியை. அதன் அளவு, தடிப்பு, மேலே விடும் இடம் எல்லாவற்றையும் உலாவி பார்த்துக்கொள்ளும்.

எச்டிஎம்எல்லும் மேக்ரோவும் அந்நியர்கள் அல்ல, ஒரே குடும்பம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1969-இல் ஐபிஎம்மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் உருவாக்கிய ஜிஎம்எல் என்ற ஆவணக் குறிமொழி, நடைமுறையில் ஸ்கிரிப்ட் என்ற அச்சுக்கோர்ப்பு நிரலின்மேல் எழுதப்பட்ட மேக்ரோத் தொகுப்பாகத்தான் ஓடியது. ஆவணத்தில் இருப்பது பொருள் சார்ந்த பெயர், அந்தப் பெயருக்கு என்ன கையசைவு என்பது மேக்ரோவுக்குள். அதிலிருந்து 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்ற ஐஎஸ்ஓ தரம் வந்தது. செர்ன் ஆய்வகத்தில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த எஸ்ஜிஎம்எல் டேக்குகளிலிருந்துதான் (டேக் என்றால் உரையின் பகுதிக்கு இடும் பெயர்க்குறி), எச்டிஎம்எல்லை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ தலைப்பு, பத்தி, பட்டியல் டேக்குகளை எடுத்துக்கொண்டார். நாம் இன்றைக்கு எழுதுகிற எச்1, பி, ஓஎல், யுஎல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இதனால்தான் மேக்ரோ ஆவணத்தை எச்டிஎம்எல் ஆக்குவது சுலபம் என்று பலரும் நினைத்தார்கள். பாதி உண்மை.

சுலபமாகத் தெரிகிற வழி ஒன்று உண்டு: மேக்ரோத் தொகுப்பையே மாற்றி எழுதிவிடுவது. ஆவணத்தைத் தொட வேண்டாம், எஸ்எச் என்ற பெயருக்கு உள்ளே இடம்விடுதல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எச்2 டேக்கைத் திற, தலைப்பை எழுது, டேக்கை மூடு என்று வைத்துவிட்டால் போதுமே. தலைப்புக்கு இது அழகாக வேலை செய்யும். பத்திக்கும் பிரச்சினை இல்லை. பத்தி தொடங்குகிற மேக்ரோ மட்டும்தான் டிராஃபில் உண்டு, முடிக்கிற மேக்ரோ கிடையாது, எச்டிஎம்எல்லும் பத்தி டேக்கை மூடியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. பட்டியலில்தான் சிக்கல் தொடங்குகிறது. டிராஃபின் எம்எஸ் தொகுப்பில் ஐபி என்ற மேக்ரோ, குறியோடு உள்தள்ளிய ஒரு பத்தியைப் போடும். அடுத்தடுத்து ஐந்து ஐபி வந்தால் கண்ணுக்கு அது பட்டியல். ஆனால் பட்டியல் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று ஆவணத்தில் எங்கும் சொல்லவில்லை. எச்டிஎம்எல்லுக்கு இரண்டும் வேண்டும். ஆகவே ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு, முதல் ஐபி வந்ததும் பட்டியலைத் திறந்து அதைக் குறித்துவைத்து, பிறகு வருகிற ஒவ்வொரு பத்தி மேக்ரோவும் தலைப்பு மேக்ரோவும் "பட்டியல் திறந்திருக்கிறதா, அப்படியானால் முதலில் அதை மூடு" என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பட்டியலுக்குள் பட்டியல் வந்தால் ஆழத்தையும் எண்ண வேண்டும்.

அப்புறம் கோணக் குறி. எச்டிஎம்எல்லில் "விடச் சிறியது" என்ற குறி டேக்கின் தொடக்கம். உரையில் அந்தக் குறி வந்தால் அதை வேறு விதமாக எழுதியாக வேண்டும், இல்லையென்றால் உலாவி அதை டேக் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை விழுங்கிவிடும். சரி, அந்த எழுத்தை வெளியிடும்போதெல்லாம் மாற்று வடிவத்தை எழுது என்று குரோஃபிடம் சொல்லிவிடலாம், அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் நம் மேக்ரோ எழுதுகிற டேக்கிலும் அதே குறிதானே இருக்கிறது? அதுவும் சேர்ந்து மாறிவிடும். உரையிலிருந்து வந்த குறி எது, மேக்ரோ போட்ட குறி எது என்று வெளியீட்டில் பிரித்தறிய வழி இல்லை. நடைமுறையில் இதற்குச் செய்வது, மேக்ரோவுக்குள் டேக் எழுத உரையில் எங்கும் வராத வேறொரு குறியைப் பயன்படுத்தி, எல்லாம் முடிந்தபின் செட் போன்ற ஒரு சிறு நிரலால் அதைக் கோணக் குறியாக மாற்றுவது. இது வேலை செய்யும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அச்சுக்கோர்ப்பு நிரலுக்குத் தான் எழுதுவது தாள் அல்ல என்று தெரியாது என்பதை இது நன்றாகவே காட்டுகிறது. வரியை நிரப்பும், சொல்லை உடைத்து இணைப்புக்கோடு போடும், பக்கம் முடிந்ததென்று பக்க எண் போடப் போகும். ஒவ்வொன்றையும் தேடி அணைக்க வேண்டும்.

குரோஃபை எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க், முதல் வெளியீடு 1990-இல். அதற்குப் பிற்பாடு கேயஸ் மல்லி ஒரு எச்டிஎம்எல் வெளியீட்டுப் பகுதியை எழுதிச் சேர்த்தார். இதோடு இணைப்பு, படம், மின்னஞ்சல் முகவரி போன்றவற்றுக்காக ஒரு தனி மேக்ரோத் தொகுப்பும் வருகிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் ஆவணத்திலேயே இணைப்பு எழுதலாம், தாளில் அது முகவரியாக அச்சாகும், இணையத்தில் சொடுக்கக் கூடியதாக வரும். மேலே சொன்ன பெயர் தொலைகிற பிரச்சினைக்கு இவர்கள் செய்தது, மேக்ரோக்களுக்கு உள்ளே ரகசியக் குறிப்புகளைச் செருகியது: "இங்கே தலைப்பு தொடங்குகிறது" என்று வெளியீட்டு ஓட்டத்திலேயே ஒரு குறிப்பு போகும், கடைசியில் எச்டிஎம்எல் எழுதுகிற நிரல் அதைப் பார்த்து டேக் போடும். குறிப்பு இல்லாத இடத்தில் ஆயங்களைப் பார்த்து ஊகிக்கும். சமன்பாடு, அட்டவணை, கோட்டுப்படம் மூன்றையும் இது படமாக மாற்றி ஒட்டுகிறது. அதற்காக ஆவணத்தை ஒருமுறை போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு வடிவத்துக்கு ஓட்டி, தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அட்டவணை படமாக வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. படத்துக்குள் இருக்கிற எண்ணைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, கைபேசியில் பெரிதாக்கினால் மங்கும். அட்டவணையின் மூலத்தில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத்தான் இருந்தது. படமாக்கியபோது அது போய்விட்டது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. அச்சுக்கோர்ப்பை முழுவதுமாக விட்டுவிட்டு, மேக்ரோவை விரிக்காமல் அதன் பெயரையே படிப்பது. பிஎஸ்டி யூனிக்ஸில் சிந்தியா லிவிங்ஸ்டன் எழுதிய எம்டாக் என்ற தொகுப்பு 4.4பிஎஸ்டியோடு பரவலாக வந்தது. அதில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்று எழுத வேண்டியதில்லை. இது கட்டளையின் பெயர், இது தெரிவுக்கொடி, இது அதற்குத் தர வேண்டிய மதிப்பு, இது கோப்பின் பாதை, இது இன்னொரு கையேடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேக்ரோ. இன்னொரு கையேட்டைக் குறிக்க எக்ஸ்ஆர், ஊகத்துக்கு இடமே இல்லை. கிறிஸ்டாப்ஸ் ஜான்சன்ஸ் தொடங்கிய மேன்டாக் என்ற நிரல் 2009-இல் ஓபன்பிஎஸ்டியில் சேர்ந்தது, அது எம்டாக் ஆவணத்தை நேராகப் படித்து, அதன் அமைப்பை மரமாகக் கட்டி, அதிலிருந்து எச்டிஎம்எல் எழுதும். ஓபன்பிஎஸ்டியின் கையேடுகள் இணையத்தில் இப்படித்தான் கிடைக்கின்றன. இன்னொரு பலனும் உண்டு: பெயர்கள் பொருளோடு இருப்பதால், "இந்தப் பிழைக் குறியீட்டைப் பற்றிப் பேசுகிற கையேடுகள் எவை" என்று பிழைக் குறியீட்டு மேக்ரோவுக்குள் மட்டும் தேட முடியும். வெறும் தடித்த எழுத்தில் எழுதியிருந்தால் இது நடக்காது. இதற்கு விலையும் இருக்கிறது. யாராவது தன் கையேட்டில் டிராஃபின் அடிமட்டக் கட்டளைகளைக் கலந்து வித்தை காட்டியிருந்தால் மேன்டாக் ஓரளவுக்குத்தான் ஈடுகொடுக்கும்.

டெக் பக்கம் வந்தால் இதே கதை, ஆனால் கடினம் அதிகம். டிராஃபில் வரி முதலில் புள்ளி என்றால் கட்டளை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். டெக்கில் அந்த உறுதிகூடக் கிடையாது. எந்த எழுத்து கட்டளையைத் தொடங்கும், எது குழுவை மூடும் என்பதையே ஆவணம் நடுவழியில் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஒரு டெக் ஆவணத்தைச் சரியாகப் படிக்கக் கூடியது டெக் மட்டும்தான் என்று சொல்வார்கள், அது மிகை இல்லை. 1990களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகோஸ் டிராகோஸ் எழுதிய லேடெக்2எச்டிஎம்எல், டெக்கின்மேல் கட்டிய மேக்ரோத் தொகுப்பான லேடெக்கின் கட்டளைகளைப் பெர்ல் மொழியில் படித்து மாற்றியது, தெரியாததையும் சமன்பாடுகளையும் படமாக்கி ஒட்டியது. அந்தக் காலத்துப் பல்கலைக்கழகப் பாடக்குறிப்புகளில் வரியோடு ஒட்டாமல் மேலும் கீழுமாக மிதக்கிற மங்கலான சூத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஐட்டன் குராரி வேறு விதமாக யோசித்தார். டெக்கைத் தவிர யாராலும் படிக்க முடியாதென்றால் டெக்கே படிக்கட்டும். அவருடைய டெக்4எச்டி, லேடெக்கின் மேக்ரோக்களில் கொக்கிகளைப் பொருத்திவிட்டு டெக்கை வழக்கம்போல ஓட விடும். டெக் எழுதுகிற டிவிஐ கோப்பில் எழுத்துகளோடு இந்தக் குறிப்புகளும் கலந்து வரும், பிறகு இன்னொரு நிரல் அதைப் பிரித்து எச்டிஎம்எல் ஆக்கும். குராரி 2009-இல் திடீரென இறந்துவிட்டார். ஒருவர் தனியாகக் கட்டிய மிகப் பெரிய வேலை அப்படியே நின்றுபோயிருக்கும்; கார்ல் பெர்ரியும் திருவனந்தபுரத்தின் சி.வி.ராதாகிருஷ்ணனும் அதை எடுத்து நடத்தினார்கள், பிறகு மிஹல் ஹோஃப்டிச் தொடர்ந்தார். இன்றைக்கும் அது ஓடுகிறது என்றால் காரணம் இவர்கள்தான். பிரையன் டன் எழுதிய எல்வார்ப் இன்னும் துணிச்சலானது. லேடெக் மேக்ரோக்களை மாற்றி, எச்டிஎம்எல் டேக்குகளையே உரையாக பிடிஎஃப் பக்கத்தில் அச்சடிக்க வைக்கும். பிடிஎஃபைத் திறந்தால் பக்கம் முழுக்க டேக்குகள் தெரியும். பிறகு பிடிஎஃபிலிருந்து உரையை மட்டும் உருவி எடுத்தால் அதுதான் இணையப் பக்கம்.

இதற்கு எதிர்த்திசையில் போனவர் அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டியின் புரூஸ் மில்லர். 2010-இல் வெளியான கணிதச் சார்புகளின் மின் நூலகத்துக்காக அவர் செய்த லேடெக்எம்எல், டெக்கின் விரிவாக்க விதிகளைப் பெர்ல் மொழியில் திரும்பக் கட்டியது. ஆனால் முக்கியமான மேக்ரோக்களை அச்சு கையசைவுகளாக விரிக்காமல், பொருளோடு பிடித்துவைத்து எக்ஸ்எம்எல் ஆக்குகிறது. ஆர்க்சைவ் தளம் 2023 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரைகளைப் பிடிஎஃபோடு எச்டிஎம்எல்லாகவும் தரத் தொடங்கியது இதை வைத்துத்தான். அதே ஆண்டு ஜனவரியில்தான் குரோம் உலாவி, சூத்திரங்களை எழுதுவதற்கான மேத்எம்எல் குறிமொழிக்கு இடம் கொடுத்திருந்தது. இரண்டும் சேர்ந்ததால் சூத்திரம் படமாக இல்லாமல் எழுத்தாக வருகிறது. கட்டுரைக்குள் புதிதாக வருகிற ஒவ்வொரு லேடெக் தொகுப்புக்கும் "இதை இப்படிப் புரிந்துகொள்" என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பாரம். எழுதாத தொகுப்பு இருந்தால் அந்த இடத்தில் பிழை தெரியும்.

தமிழில் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு இந்த வழிகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு வெறும் ரசனை விஷயம் இல்லை. "கொ" என்று எழுதினால் கணினியில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கிறோம். அச்சில் கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் என்று மூன்று வடிவங்களாக விழுகிறது. தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கொம்பு இடம் மாறி எழுத்து சிதைவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் விழுந்த வடிவங்களைப் பொறுக்கி எடுத்து இணையப் பக்கம் செய்கிற எந்த முறைக்கும் தமிழில் இந்த ஆபத்து உண்டு. பிடிஎஃப் வழியாகப் போகிற எல்வார்ப் போன்றவற்றை எடுப்பதற்கு முன்னால் நான்கு பக்கத்துக்காவது சோதித்துப் பார்க்க வேண்டும். மூலக் கோப்பின் எழுத்தையே படித்து அப்படியே கடத்துகிற லேடெக்எம்எல், மேன்டாக் வகையில் இந்தப் பிரச்சினை எழாது, கொம்பை எங்கே வைப்பது என்பது உலாவியின் வேலையாகிவிடும். தாளில் தமிழைச் சரியாக அடுக்கத் தெரியாத ரோஃப் குடும்பத்து ஆவணம்கூட இந்த வழியில் இணையத்தில் ஒழுங்காகத் தெரிய இதுதான் காரணம்.

சங்கப் பாடல் ஒன்றைப் பதிப்பிக்கிறவர் லேடெக்கில் வேலை செய்கிறார் என்று வையுங்கள். பாடபேதம், உரையாசிரியர் மேற்கோள், நூற்பெயர் மூன்றும் அச்சில் சாய்வெழுத்து. மூன்றுக்கும் சாய்வெழுத்துக் கட்டளையையே போட்டால் பிடிஎஃபில் ஒரு குறையும் தெரியாது, புத்தகமும் நன்றாகவே வரும். இணையத்துக்குக் கொண்டுவரும்போது பாடபேதங்களை மட்டும் சொடுக்கினால் விரிகிற மாதிரி வைக்கலாம், நூற்பெயர்களை அடைவாகத் திரட்டலாம் என்று ஆசை வரும். அப்போது ஆயிரக்கணக்கான சாய்வெழுத்துகளில் எது எது என்று ஒருவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டும், பதிப்பாசிரியர் உடன் இல்லையென்றால் சில இடங்களில் பிரிக்கவே முடியாது. ஆரம்பத்திலேயே மூன்றுக்கும் மூன்று மேக்ரோ வைத்து, மூன்றும் உள்ளே சாய்வெழுத்தையே போடும்படி எழுதியிருந்தால் அச்சில் ஒரு மாற்றமும் இருக்காது, கூடுதல் வேலை ஆவணத்தின் தலைப்பகுதியில் மூன்று வரி. டெக்4எச்டியில் அமைப்புக் கோப்பிலும் லேடெக்எம்எல்லில் அதற்கான விளக்கக் கோப்பிலும், இந்த மேக்ரோவுக்கு இந்த டேக் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடலாம். பழைய ஆவணங்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது, எரிக் ரேமண்டின் டாக்லிஃப்டர் மாதிரி ஊகிக்கிற நிரல்களால் எவ்வளவு மீட்க முடியுமோ அவ்வளவுதான். இன்று எழுதத் தொடங்குகிற ஆவணத்தில் அந்த மூன்று வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.